புது டிஸ்க்குக்குக் குடிபோன சர்வரும் ஏழரை நாள் பேக்கப்பும்



மலர்க் குழுவில் இருந்து "பாடம் சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடு" என்று கேட்டார்கள். செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்றெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது பரீட்சையில் 2 மார்க் கேள்வியாக வந்துபோகிற பேக்கப். ஃபுல், டிஃபரன்ஷியல், இன்க்ரிமென்டல் என்று மூன்று பெயரை எழுதினால் மார்க் விழுந்துவிடும். நானும் அப்படித்தான் எழுதி வாங்கினேன். வாங்கிய அந்த 2 மார்க் வேலைக்கு ஆகவில்லை என்பது போன விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில்தான் தெரிந்தது.

பள்ளிபாளையத்தில் ஒரு துணி வியாபார நிறுவனம். பேர் வேண்டாம். தறிக்காரர்களுக்கு நூலும் டிசைனும் கொடுத்து லுங்கியும் துண்டும் நெய்து வாங்கி விற்பவர்கள். அங்கே இரண்டு லினக்ஸ் சர்வர். ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் டிசைன். டிசைன் சர்வரில் பல வருஷத்துக் கட்டம், பார்டர், கலர் எல்லாம் சேர்ந்து 1.6 டெராபைட். 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்து நம் ஊர் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஆகஸ்டிலும் அதே கதை. அதனால் பேக்கப் பெட்டியை அவர்கள் இந்தப் பக்கம் வைக்கவில்லை. பாலம் தாண்டி ஈரோட்டில், மேடான இடத்தில், ஒரு மாடி அறையில் வைத்திருந்தார்கள். தினம் ராத்திரி 10 மணிக்கு அன்றைக்கு மாறிய ஃபைல்கள் மட்டும் இன்டர்நெட் லைன் வழியாக ஆற்றைத் தாண்டிப் போகும்.

அங்கே சிஸ்டம் பார்க்கிற அண்ணன் ஒரு சனிக்கிழமை என்னிடம் சொன்னார்: "தம்பி, டிசைன் சர்வர்ல 2 டெராபைட் டிஸ்க் ரொம்பப் போகுது. புதுசு 8 டெராபைட் வந்திருக்கு. எல்லாத்தையும் அதுக்கு மாத்திப் போட்ரு. நான் ஒரு வாரம் ஊர்ல இருக்க மாட்டேன்."

"சரிங்ணா" என்றேன். புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி, சிபி கட்டளைக்கு ஆர் ஆப்ஷன் மட்டும் போட்டுக் காப்பி எடுத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் மவுன்ட் செய்தேன். எல்லா ஃபைலும் திறந்தது. டிசைன் செக்ஷன் அக்கா கூட "முன்னைக்கு வேகமா இருக்குது தம்பி" என்றார்கள். பழைய டிஸ்க்கை அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். எனக்கென்னவோ அது நல்ல டிஸ்க்கை வீணாக முடக்குவது போலத் தோன்றியது.

திங்கட்கிழமை பில் போடுகிற அக்கா கேட்டார்கள்: "ஏனுங் தம்பி, நெட்டு நின்னு போச்சுங்களா? ஈ-வே பில் ஏறவே மாட்டேங்குது. லாரிக்காரர் வாசல்ல நின்னு கத்துறாரு."

நான் லைன் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். அவர்கள் லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அவர்களோடு சண்டை போடுவதிலேயே போயிற்று. லைனை அடைத்துக்கொண்டிருந்தது நான்தான் என்று அடுத்த சனிக்கிழமை காலை அண்ணன் வந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. 1.6 டெராபைட்டும் மறுபடி முதலில் இருந்து ஈரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோடு வேகம் வினாடிக்கு 20 மெகாபிட். 1.6 டெராபைட்டை பிட்டாக்க 8-ஆல் பெருக்கி, 20 மெகாபிட்டால் வகுத்தால் 6,40,000 வினாடி. அதாவது 7.4 நாள். ஏழரை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பேருக்கேற்ற பலன்தான். வழக்கமாக ஒரு நாளில் மாறுவது 3 கிகாபைட் அளவுதான். அது 20 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

லைன் அடைத்தது கூடப் பெரிசில்லை. ஈரோட்டுப் பெட்டியில் இருந்தது 3 டெராபைட். அதில் முன்னே எடுத்த ஃபுல்லும் அதற்குப் பிறகு தினப்படி வந்ததும் சேர்ந்து 1.7 போக, மிச்சம் 1.3. வருவதோ 1.6. இடம் போதாவிட்டால் இருப்பதில் பழையதை அழித்து இடம் பண்ணிக்கொள் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் இருப்பதிலேயே பழையது எது? அந்த ஃபுல் பேக்கப். வெள்ளிக்கிழமை ராத்திரி அது அழிந்தது. புது ஃபுல் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முடியும். நடுவில் ஒன்றரை நாள் ஈரோட்டில் முழுசான பேக்கப் என்று ஒன்றும் இல்லை.

அண்ணன் திட்டவில்லை. டிராயரைத் திறந்து பழைய டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தார். "இது இருக்குது, ஓடட்டும், நிறுத்தாதே" என்றார். ஞாயிறு காலை முடிந்தது. அப்பாடா என்று இருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு வியாபாரி பழைய லுங்கிக் கட்டம் ஒன்றை மறுபடி கேட்டார். சர்வரில் தேடினால் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே யாரோ கைதவறி அழித்திருக்கிறார்கள். அதனால் பழைய டிஸ்க்கிலும் இல்லை. அது இருந்த ஒரே இடம் அந்தப் பழைய ஃபுல் பேக்கப். டிசைன் அக்கா மூன்று நாள் உட்கார்ந்து மாதிரித் துணியைப் பார்த்து மறுபடி வரைந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பேக்கப்புக்கு ஃபைலைத் தெரியாது

ஒரு எழுத்துகூட மாறாத ஃபைலை ஸ்கிரிப்ட் ஏன் புதுசு என்று எடுத்துக்கொண்டது? பேக்கப் மென்பொருள் தினம் 1.6 டெராபைட்டையும் திறந்து படித்து ஒப்பிடுவதில்லை. படித்தால் விடிந்துவிடும். அது வெளி அடையாளத்தை மட்டும் பார்க்கிறது. குடோனில் கணக்கெடுத்த பேல்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி. பேலைப் புதுச் சாக்கில் மாற்றிக் கட்டினால் உள்ளே துணி அதேதான், ஆனால் கோடு போய்விடும். கணக்கெடுக்கிறவர் மறுபடி எண்ணத்தான் செய்வார்.

எந்த அடையாளத்தைப் பார்க்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் டேட்டாவை நகர்த்தக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

யூனிக்ஸ் வகைகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று நேரம் உண்டு. கடைசியாகப் படித்த நேரம் ஏடைம். உள்ளடக்கம் மாறிய நேரம் எம்டைம். உரிமையாளர், பர்மிஷன், பெயர் என்று ஃபைலைப் பற்றிய விவரம் மாறினாலும் புதுப்பிக்கப்படுவது சிடைம். சி என்பதை கிரியேஷன் என்று நினைத்து நம்மில் பாதிப் பேர் தப்பாக எழுதுகிறோம், அது சேஞ்ச். எம்டைமை நாம் விரும்பியபடி திருத்தி வைக்கலாம். சிடைமைத் திருத்த வழி இல்லை, கணிப்பொறியே வைத்துக்கொள்ளும். இதோடு ஐநோடு எண் என்று ஒன்று உண்டு. அது அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் ஃபைலின் கதவு எண். வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் புதுக் கதவு எண்தான் கிடைக்கும்.

அண்ணனின் ஸ்கிரிப்ட் எம்டைமை மட்டும் பார்ப்பது. ஃபைண்ட் கட்டளையில் நியூவர் ஆப்ஷன் போட்டு, நேற்றைய குறி ஃபைலைவிடப் புதியவற்றைப் பொறுக்கி, டார் கட்டி அனுப்பும். நான் ஆர் மட்டும் போட்டுக் காப்பி எடுத்ததால் எல்லா ஃபைலுக்கும் அன்றைய தேதி விழுந்துவிட்டது. பி ஆப்ஷனைச் சேர்த்திருந்தால், அல்லது ஆருக்குப் பதிலாக ஏ போட்டிருந்தால், பழைய எம்டைம் அப்படியே வந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து!

"அப்படின்னா எப்பவும் எம்டைமை மட்டும் பார்க்கிற பேக்கப்பே நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணன் ஒரு பென்டிரைவை எடுத்து, அதிலிருந்த மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபைல் ஒன்றைத் தேதி மாறாமல் சர்வரில் போட்டுக் காட்டினார். அன்று ராத்திரி பேக்கப்பில் அது போகவில்லை. எம்டைம் பழசு, அதனால் ஸ்கிரிப்ட் கண்ணுக்கே படவில்லை. ஆக நம்பிக்கைக்காரப் பேக்கப் சிலதை விட்டுவிடும். சந்தேகக்காரப் பேக்கப் ஒன்றையும் விடாது, ஆனால் டிஸ்க் மாற்றினால் ஊரையே திரும்ப எண்ணும். இரண்டில் நம்முடையது எந்த ரகம் என்று முதலில் கேட்க வேண்டும்.

சந்தேகக்கார ரகத்தில் போர்க், ரெஸ்டிக் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. சிடைமையும் ஐநோடையும் சேர்த்தே பார்க்கும். காப்பி செய்து நகர்த்தினால் எல்லா ஃபைலையும் மறுபடி திறந்து படிக்கும். ஆனால் படித்த பிறகு துண்டு துண்டாக்கி, இதே துண்டு ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அனுப்பாது. ஒரு ராத்திரி டிஸ்க் உழைக்கும், லைன் அடைக்காது. முழுக்கப் படிப்பது வேறு, முழுக்க அனுப்புவது வேறு. குனு டாரின் லிஸ்டட் இன்க்ரிமென்டல் முறை இதைவிடக் கறார். ஒவ்வொரு அடைவின் ஐநோடையும் டிவைஸ் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று மாறினாலும் அடைவு புதுசு என்று உள்ளே இருப்பதை எல்லாம் கட்டிவிடும். டிவைஸ் எண் மட்டும் மாறியது என்றால் அதைப் பார்க்காதே என்று சொல்ல நோ செக் டிவைஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஐநோடு மாறினால் அதுவும் உதவாது.

விண்டோஸில் டாஸ் காலத்திலிருந்து வருகிற ஆர்க்கைவ் குறி, சாக்பீஸ் கோட்டுக்கு நேர் எதிர். ஃபைலைப் புதிதாக உண்டாக்கினாலும் திருத்தினாலும் குறி விழும். ஃபுல்லும் இன்க்ரிமென்டலும் எடுத்து முடித்ததும் குறியை அழிக்கும். டிஃபரன்ஷியல் அழிக்காது. அதனால்தான் டிஃபரன்ஷியல் நாளுக்கு நாள் வீங்குகிறது. புது டிரைவில் போய் விழுந்த ஃபைல்களுக்கு மொத்தமாகக் குறி விழுந்திருந்தால் ராத்திரி என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்ரிப் கட்டளையால் குறியை மொத்தமாக அழித்துவிடலாம்தான். ஆனால் அதில் ஒரு குழி உண்டு. கடைசி பேக்கப்புக்குப் பிறகு நிஜமாகவே மாறிய ஃபைல்களின் குறியும் சேர்ந்து போய்விடும், அவை பேக்கப்பே ஆகாது. எனவே நகர்த்துவதற்குச் சற்று முன்பு ஒரு இன்க்ரிமென்டல் எடுத்துவிட்டு, ஆட்களை வெளியேறச் சொல்லிவிட்டு, பிறகே அந்த வேலை.

நகர்த்துகிற விதம்

இருப்பதிலேயே சுத்தமான வழி, ஃபைல் சிஸ்டத்துக்கே தெரியாமல் அதன் காலடியில் இருக்கும் டிஸ்க்கை மாற்றுவது. லினக்ஸில் எல்விஎம் போட்டிருந்தால் இது கைக்கு வந்த கலை. புது டிஸ்க்கை பிவிகிரியேட் கட்டளையால் தயார் செய்து, விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் அதே குழுவில் சேர்த்து, பிவிமூவ் கொடுத்தால் பழைய டிஸ்க்கில் இருக்கும் துண்டுகள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு இடம் மாறும். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கலாம். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி பிவிமூவ் என்று மட்டும் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் விஜிரெட்யூஸ் கொடுத்துப் பழையதைக் கழற்றிவிடலாம். எம்டைம், சிடைம், ஐநோடு, பாதை எதுவும் மாறாது. வீட்டை இடிக்காமல் அஸ்திவாரத்தை மாற்றின மாதிரி. எந்தச் சந்தேகக்காரப் பேக்கப்பும் கண்டுபிடிக்காது. இதில் ஒரு குறை: டேட்டா பழைய டிஸ்க்கில் தங்காது, நகர்ந்தே போய்விடும். எனவே ஆரம்பிக்கும் முன் நல்ல பேக்கப் கையில் இருக்க வேண்டும்.

எல்விஎம் இல்லாவிட்டால் ஃபைல் ஃபைலாகத்தான் எடுத்துப் போக வேண்டும். அதற்கு ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்டது, இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை. ஏ ஆப்ஷன் நேரத்தையும் உரிமையையும் காப்பாற்றும். ஆனால் அதற்குள் ஹார்டு லிங்க், ஏசிஎல், கூடுதல் பண்புகள் வராது. பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் மூன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். வேறு கணிப்பொறிக்குப் போவதானால் நியூமெரிக் ஐடிஸ் ஆப்ஷனும் வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் எண் குழம்பும், நீங்கள் சிஹெச்ஓன் அடித்துச் சரிசெய்வீர்கள், அதில் சிடைம் மொத்தமாக மாறும். "பர்மிஷனை ஒருதரம் சரி பண்ணிர்றேன்" என்று மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டளை தட்டுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. நகர்த்துகிற வாரத்தில் அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

ஆர்சிங்க்கை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. அது பல மணி நேரம் ஆகும். பிறகு அன்றைய இன்க்ரிமென்டலை எடுத்துவிட்டு, சர்வீஸை நிறுத்தி இரண்டாம் தடவை. நடுவில் மாறியது மட்டும் சில நிமிஷத்தில் போய்ச் சேரும். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட மறந்தால் டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டா என்று ஓர் அடுக்கு கூடிவிடும். பாதை மாறினாலே பெரும்பாலான பேக்கப்புக்கு அது வேறு ஃபைல். அதனால் புது டிஸ்க்கைக் கண்டிப்பாகப் பழைய பெயரிலேயே மவுன்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் என்றால் பழைய டிரைவ் எழுத்தையே கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் ஆர்சிங்க்குக்கு ஈடு ரோபோகாப்பி. முன்பு ரிசோர்ஸ் கிட்டில்தான் கிடைக்கும், விஸ்டாவிலிருந்து கூடவே வருகிறது. காப்பிஆல் ஸ்விட்ச் பர்மிஷனையும் உரிமையாளரையும் சேர்த்துக் கொண்டுவரும். மிர் ஸ்விட்ச் மட்டும் கவனம்: மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச்சேரும் இடத்தில் அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி அடித்தால் காலி டிஸ்க்கின் கண்ணாடிப் பிம்பமாகச் சர்வர் ஆகிவிடும். எல் ஸ்விட்ச் போட்டு முதலில் என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பேக்கப் தானாக ஓடுவதற்கு முன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. அண்ணனின் ஸ்கிரிப்ட் மாதிரி என்றால் டார் பகுதியை விட்டுவிட்டு ஃபைண்டை மட்டும் ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று எண்ணினால் போதும். வழக்கமாக நூற்றுக்கணக்கில் வருவது அன்றைக்கு லட்சக்கணக்கில் வந்தால் நிறுத்து. இந்த ஒரு நிமிஷ வேலையை நான் அந்தச் சனிக்கிழமை செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஃபுல்லுக்குப் பயப்படலாமா?

ஒன்று சொல்ல வேண்டும். ஃபுல் பேக்கப் எதிரி அல்ல. நேரம் தெரியாமல், இடம் பார்க்காமல் தானாகக் கிளம்புகிற ஃபுல்தான் ஆபத்து. அளவு பெரிசு, எடுக்கக் கஷ்டம் என்று பேக்கப்பையே விட்டவர்கள் கதை இதைவிட மோசம். தென்கொரியாவில் டேஜோன் நகரிலுள்ள அரசு தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26-இல் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தின் 858 டெராபைட் எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் வைத்திருக்கவில்லை. மைஸ்பேஸ் நிறுவனம் சர்வர் மாற்றும்போது பழைய பாட்டு, படம் எல்லாம் போய்விட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஆனாலும் நம் ஊரில் ஆனாலும், குடிபெயர்கிற நாளில்தான் சாமான் தொலைகிறது.

ஃபுல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் லைனை நம்ப வேண்டாம். இதை அண்ணன்தான் சொன்னார். ஒரு வெளி டிஸ்க்கை சர்வரிலேயே செருகி ஃபுல் எடுத்தால், வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1.6 டெராபைட்டுக்கு நாலரை மணி நேரம். அதை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துப் பாலம் தாண்டினால் சாயந்திர நெரிசலில்கூட அரைமணி. ஏழரை நாள் எங்கே, இது எங்கே! வெளி டிஸ்க்கை லினக்ஸ் ஃபார்மட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேட் 32 என்றால் உரிமையாளர் விவரம் தங்காது, 4 கிகாபைட்டுக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, நேரத்தையும் 2 வினாடிக்கு ஒரு படியாகத்தான் குறிக்கும். அதனாலேயே பாதி ஃபைல்கள் மாறிவிட்டதாகத் தோன்றும்.

ஈரோட்டு ஸ்கிரிப்டில் அந்தப் பழையதை அழிக்கிற வரியையும் அண்ணன் மாற்றிவிட்டார். இப்போது இடம் போதாவிட்டால் ஒன்றையும் அழிக்காமல் நின்று, அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்.

டிரெயினிங் முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணக்கு சர்வரின் டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தது. "நீயே பண்ணு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். அதில் எல்விஎம் இருந்தது. முதல் வேலையாக ஈரோட்டுப் பேக்கப்பிலிருந்து பத்து ஃபைலை வேறு அடைவுக்குத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தேன். பிறகு பிவிமூவ். மத்தியானம் ஆரம்பித்தது சாயந்திரம் முடிந்தது. பில் போடுகிற அக்காவுக்கு நாங்கள் ஏதோ செய்துகொண்டிருந்ததே தெரியாது. ராத்திரி 10 மணிக்கு இருவரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 4 நிமிஷத்தில் பேக்கப் முடிந்தது. அண்ணன் எழுந்து, டிராயரைத் திறந்து, டிசைன் சர்வரின் பழைய டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தார். 30 நாள் முடிந்திருந்தது. "இப்ப இதை ஃபார்மட் பண்ணிக்கலாம்" என்றார்.